மத்தூரில் குடித்த கல்யாணி

1936ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மைசூர் போகிற ரயில் மத்தூரில் நின்றபோது, கணிதப் பேராசிரியர் சீனிவாசராகவன் ஒரு கூஜாவில் இருந்த கல்யாணி ராக ஆலாபனையைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டார். அது மல்லேஸ்வரத்து மாணவி ஜெயலக்ஷ்மியின் பரீட்சை விடை. ராகம் எப்படிக் கூஜாவுக்குள் வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பெங்களூரில் யாரும் கேட்கவில்லை. அங்கே எல்லோருக்கும் மிஸ் பியாட்ரிஸைத் தெரியும்.

பின்னாளில் காக்ஸ் டவுன் ஆன பகுதியில் 1891இல் பிறந்தவர் பியாட்ரிஸ். பிறந்ததும் போட்ட முதல் அழுகை பக்கத்திலிருந்த வெந்நீர்த் தவலைக்குள் போய்த் தங்கிவிட்டது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் தவலை அழும். குழந்தையோ தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கும். "பித்தளையில புடிச்சிக்கிச்சு, புளி போட்டுத் தேச்சா போயிடும்" என்றார் அப்பா மதலைமுத்து. போகவில்லை. அன்று முதல் பியாட்ரிஸ் பக்கத்தில் யார் பாடினாலும் கைக்கெட்டும் தூரத்துப் பாத்திரம் அதை வாங்கி வைத்துக்கொண்டது. மாதா கோயில் பாடகர் குழுவில் அவர் சேர்ந்ததும் தீர்த்தத் தொட்டி வாரம் முழுக்கப் பாடியது. ஃபாதர் அதற்கு ஒரு மூடி செய்து போட்டார். ஆர்கனும் கற்றார், வீணையும் கற்றார். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் சமமாக முணுமுணுத்தார்கள். பிறகு பெண்கள் கல்லூரி ஒன்றில் மியூசிக் மிஸ் ஆனார். அவர் வகுப்பில் மாணவிகள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு பாட வேண்டும். மறுநாள் இட்லிக்கு முன்னால் நேற்றைய அபஸ்வரம் வெளியே வரும், பக்கத்தில் இருப்பவள் சிரிப்பாள். அதற்குப் பயந்தே ஒவ்வொருத்தியும் ஒழுங்காகச் சாதகம் செய்தாள். இதைவிடச் சிறந்த பாடமுறை இந்த ஊரில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இருந்தும் கல்லூரி அட்டவணையில் அவர் வகுப்பு, தையலோடு சேர்ந்து 'பொழுதுபோக்கு' என்றுதான் இருந்தது. பியாட்ரிஸுக்கு அது பொறுக்கவில்லை. சரித்திரத்துக்குப் பட்டம் உண்டு, தாவரவியலுக்குப் பட்டம் உண்டு, பாட்டுக்கு மட்டும் ஏன் இல்லை என்று வருஷா வருஷம் கல்லூரிச் சபையில் கேட்டார். வருஷா வருஷம் குறுக்கே நின்றவர் சீனிவாசராகவன். கெட்ட மனிதர் இல்லை. பாட்டு கேட்கிற காது மட்டும் இல்லாத மனிதர். "வெளியூர்ப் பரீட்சகருக்கு அனுப்ப விடை வேணும் மிஸ். காத்துல போறத யார் திருத்தறது?" என்றார். பாட்டைக் கூஜாவில் பிடித்து அனுப்பலாம் என்று பியாட்ரிஸ் சொன்னதும், "கேழ்வரகுல நெய் வடியறதுன்னா கேக்கறவாளுக்கு மதி எங்க போச்சு!" என்று சபையைப் பார்த்துச் சிரித்தார். பியாட்ரிஸ் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு வாட்டி பாக்கலாம் சார். நாலு பொண்ணுங்க விடையும் ஒழுங்கா மைசூர் போய்ச் சேந்தா பட்ட வகுப்பு. ஒண்ணு குறைஞ்சாலும் கிளாஸையே மூடிடுங்க. காவலுக்கு நீங்களே வாங்க சார், அப்பத்தான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க" என்றார். சபை ஒப்புக்கொண்டது. மாணவிகளுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

பரீட்சை நாளில் நால்வரும் கல்யாணி பாடினார்கள். நாலு கூஜாக்களுக்கும் திருகு மூடி போட்டு, அரக்கு வைத்து, எண் ஒட்டினார்கள். பியாட்ரிஸ் பெண்கள் பெட்டியில் ஏறினார். பேராசிரியர் கூஜாக்களோடு அடுத்த பெட்டியில். இங்கேதான் அவருடைய ஆசாரம் காலை வாரியது. பிறத்தியார் கை படக்கூடாது என்று தன் தண்ணீர்க் கூஜாவுக்கும் அவர் எப்போதும் அரக்கு வைப்பார். மத்தூரில் வடை வாங்கினார். பச்சை மிளகாய் தொண்டையில் ஏறி, கண்ணில் நீர் கோத்துக்கொள்ள, கைக்குக் கிடைத்த அரக்கை உடைத்து அண்ணாந்து குடித்தார். சில்லென்றுதான் இருந்தது. ரயில் நகர்ந்ததும் வயிற்றில் சட்ஜம் கேட்டது.

பேராசிரியர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மண்டியாவில் நெஞ்சுவரை வந்தது, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கழுத்தை எட்டியது. பேசாமல் இருந்தால் போதும், விடை ஒன்று குறையும், சபையில் அவர் வாக்கே ஜெயிக்கும். பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. அவர் முகத்திலோ வேர்வை.

மைசூரில் பரீட்சகர் வெங்கடசுப்ரமணியன் வீட்டுக் கூடத்தில் முதல் மூன்று கூஜாக்களும் ஜோராகப் பாடின. நாலாவதைக் கவிழ்த்துத் தட்டினார். ஒரே ஒரு ரிஷபம் உருண்டு விழுந்தது. "அவ்வளவுதானா? இதுக்கு நான் எப்படி மார்க் போடறது?" என்றார். பியாட்ரிஸ் கூஜாவை வாங்கி உலுக்கினார். இருபது வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கிய ஒரே வாய்ப்பு. அப்போதுதான் பேராசிரியரின் உப்பிய கன்னத்தையும், துண்டையும், மெல்ல ரீங்கரிக்கும் வயிற்றையும் பார்த்தார். புரிந்துவிட்டது.

"சார், சண்டை நமக்குள்ள. ஜெயலக்ஷ்மி என்ன பண்ணா? அது அவ எழுதின விடை சார்."

விடை என்ற சொல் அவரைக் குத்தியது. தன் வேலையில் ஒரு விடைத்தாளைக்கூடத் தொலைக்காத மனிதர் அவர். காவிரி வெள்ளத்தில் பரிசலில் விடைத்தாள் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கடந்தவர். துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டார். வாயைத் திறந்தார்.

பத்தொன்பது வயதுப் பெண்ணின் குரல் வந்தது! நாமம் போட்ட நெற்றி வியர்க்க, பஞ்சகச்சம் கட்டிய அந்த மனிதரின் வாயிலிருந்து கல்யாணி படிப்படியாக ஏறியது. தெருவில் ஜட்கா குதிரைகள் நின்றன. பூ விற்றவள் கூடையோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் எள் விழ இடமில்லை. மேல் காந்தாரத்தைத் தொட்டபோது பரீட்சகர் "பலே, பலே!" என்று தொடையில் அடித்துக்கொண்டார், பியாட்ரிஸ் அழுதுகொண்டே சிரித்தார். முடித்ததும் பேராசிரியர் தன் சொந்தக் கரகரத்த குரலில் தண்ணீர் கேட்டார்.

பரீட்சகர் முதல் வகுப்பு மார்க் போட்டார். மேல் ஸ்தாயியில் ஒரு விக்கல் வந்ததற்காக இரண்டு குறைத்தார். சீனிவாசராகவன் துள்ளி எழுந்தார். "விக்கல் என்னோடது! மத்தூர் வடையோட விக்கல்! அந்தக் குழந்தைக்கு எப்படி சார் குறைப்பேள்?" என்று அரைமணி நேரம் வாதாடினார். அவர் வாயிலிருந்து பாட்டுக்காக அப்படி ஒரு சண்டை வரும் என்று பியாட்ரிஸ் கனவிலும் நினைத்ததில்லை. இரண்டு மார்க்கும் திரும்பி வந்தது.

அடுத்த மாதம் சபை கூடியது. வாக்கில்லாத பியாட்ரிஸ் கதவோரம் உட்கார்ந்திருந்தார். 1946இல் ஓய்வு பெறும்வரை அவர் நடத்தப்போகிற பட்ட வகுப்பு, அந்த அறையில் ஒரே ஒருவர் வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டுக்கு விடை என்று ஒன்று உண்டா என்று தலைவர் கேட்டார். சீனிவாசராகவன் எழுந்தார்.

"உண்டு சார். நானே குடிச்சிருக்கேன்."

மறுப்பு யாருக்கும் இல்லை. தீர்மானம் நிறைவேறியது. அடுத்து விடுதிக் கிணற்றைத் தூர்வாருவது பற்றிப் பேசினார்கள்.