வேலியில் இருபதடி

"இந்த ஆளு யாரு மேடம்?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

மேசையில் விரித்திருந்த வரைபடத்தில் அவர் விரல் நின்ற இடத்தில் ஒரு மனித உருவம் இருந்தது. அரை அங்குல உயரம். கையில் ஒரு குடையும் கொடுத்திருந்தேன். நிலத்தையும் வீட்டையும் மேலிருந்து கீழாக நறுக்கி, வெட்டின பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படியான படம் அது. மேலே சாலை. சாலையோரம் ஆறடி உயரத்துக்கு அடர்ந்த புதர்வேலி. அதற்கப்பால் சரிந்து இறங்கும் நிலம், சரிவின் நடுவே வீடு. குடைக்காரரின் கண்ணிலிருந்து கிளம்பிய புள்ளிக்கோடு வேலியில் முட்டி நின்றது.

"ரோட்டுல போற யாரோ ஒருத்தர். அவர் பார்த்தா வீடு தெரியக் கூடாது. அதுக்காகப் போட்டிருக்கேன்" என்றேன்.

"இந்த ரோட்டுல யாரு மேடம் நடந்து போறா? முப்பத்தோரு வருஷம் இங்க வண்டி ஓட்டியிருக்கேன். நடந்து போறவங்கள விரல் விட்டு எண்ணிடலாம். எல்லாம் பஸ்ஸுதான். பஸ்ல உக்காந்திருக்கிறவனுக்குக் கண்ணு தரையிலேருந்து ஏழரை அடில இருக்கும். வேலிக்கு மேலயே பாத்துடுவான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். என் தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அது நிம்மதியில் வந்த சிரிப்பு என்று எனக்கு உறைக்க ஒரு வருடம் ஆயிற்று.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிராமப்புறத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு வரைந்து கொடுப்பது என் தொழில். படம் ஓடிக்கொண்டிருக்கும் கொட்டகையில் தாமதமாக நுழைகிறவர் குனிந்து போவார் இல்லையா, ஒரு நிலத்துக்குள் வீடு அப்படித்தான் நுழைய வேண்டும் என்பது என் கட்சி. மலையும் மரமும் முதலில் வந்தவை. நாம் பின்னால் வந்தவர்கள். வந்த இடத்தில் நாலு தூணை நிறுத்தி, ஆரஞ்சு நிறம் அடித்து, ஊரே பார் என்று கத்துவது எனக்குப் பிடிக்காது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் பிடிக்கும் என்பதால் நிறையப் பேச வேண்டியிருக்கும். பேசுவேன். பேச்சில் என்னை யாரும் ஜெயித்ததில்லை.

டிரைவரும் முதல் சந்திப்பில், "ரோட்டுலேருந்து பாத்தா கொஞ்சம் தெரிஞ்சா நல்லாருக்கும்" என்றுதான் ஆரம்பித்தார். நான் அரை மணி நேரம் பேசினேன். கம்ப்யூட்டரில் படங்கள் காட்டினேன். புல்லுக்கடியில் பதுங்கிய வீடு, பாறையோடு பாறையாக நின்ற வீடு. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். படித்தவள் இவ்வளவு சொல்லும்போது எதிர்த்துப் பேச அவருக்குக் கூச்சம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஒன்றே ஒன்று கேட்டார்: "சமையக்கட்டு ஜன்னல் எந்தப் பக்கம்மா வரும்?" சாலைப் பக்கம் என்றேன். "அது போதும்" என்றார்.

ஏழரை அடிக் கணக்கு என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அடுத்த வாரமே புதுப் படத்தோடு போனேன். குடைக்காரரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பஸ் வரைந்திருந்தேன். ஜன்னலோரம் ஒரு தலை. அந்தத் தலையிலிருந்து புறப்பட்ட புள்ளிக்கோடு வேலியின் உச்சியை உரசி, கூரைக்கு மேலாகப் போய், தூரத்து வயலில் இறங்கியது. வீட்டை இரண்டரை அடி ஆழத்துக்கு இறக்கியிருந்தேன்.

"நீங்க சொன்னதாலதான் சார் தப்பு தெரிஞ்சுது. இப்ப பஸ்லேருந்து பாத்தாலும் தெரியாது" என்றேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

அவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். 

"பஸ்ஸ நல்லா வரைஞ்சிருக்கீங்க மேடம்" என்றார்.

வேலை தொடங்கியது. அந்த நிலத்து மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, மறுநாள் பார்த்தால் மணல் கீழேயும் களி மேலேயுமாக அழகாகப் பிரிந்து நின்றது. சுடாத மண்கல் செய்ய ஏற்ற மண். தோண்டியதைச் சலித்து, கொஞ்சம் சிமென்ட் கலந்து, கையால் அழுத்தும் இயந்திரத்தில் போட்டு அங்கேயே கல் செய்தோம். சூளை இல்லை, லாரி இல்லை. ஆழம் கூட்டியதால் மண்ணும் கூடுதலாகக் கிடைத்தது. வெளியிலிருந்து ஒரு கூடை மண்கூட வரவில்லை. குறுக்கே கிடந்த பாறையை உடைக்காமல் கூடத்துச் சுவரை அதன் மேல் ஏற்றினோம். கூரை மேல் ஒரு முழம் மண் கொட்டிப் புல் நட்டோம். மழைத் தண்ணீர் முழுக்கத் தரைக்கடியில் தொட்டிக்குப் போகும். சுவருக்குப் பூச்சு கிடையாது. மழை பெய்தால் நிலமும் சுவரும் ஒன்றாகக் கறுக்கும், வெயிலில் ஒன்றாக வெளுக்கும்.

"இவ்வளவு பாடுபட்டு ஒளிச்சு வைக்கிறதுக்கு, பேசாம கட்டாமலே இருந்திருக்கலாம் மேடம்" என்றார் மேஸ்திரி. அவருக்கு வாய் சும்மா இருக்காது. ஆனால் ஒரு கல் கோணலாகப் போகாது, அதனால் பொறுத்துக்கொள்வேன்.

டிரைவருக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். 'ஏழு நாற்பது'. ஈரக் கல்லுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த வேலையை டிரைவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. விடிந்ததும் வந்து குழாயைப் பிடித்துக்கொள்வார். ஏழு நாற்பதுக்கு மட்டும் குழாயைக் கீழே போட்டுவிட்டு, வேலியைப் பார்த்து நிற்பார். வளைவில் பஸ் கியரை இறக்கும் சத்தம் கேட்கும். அது ஏறிப் போய்ச் சத்தம் தேய்ந்த பிறகுதான் குனிந்து குழாயை எடுப்பார். குழாய் ஓடிய இடத்தில் சின்னக் குட்டையே தேங்கியிருக்கும்.

"வண்டி மேல இன்னும் ஆசை போகல" என்றேன் மேஸ்திரியிடம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவர்கள் குடி வந்து பதினைந்து நாள் கழித்து, சுவரில் எங்காவது வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். ஒரு வெடிப்பும் இல்லை. வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே விசிறியை நிறுத்தியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள். தேடினால்தான் கிடைக்கும் வீடு என்று தலைப்புகூட நானே யோசித்து வைத்திருந்தேன்.

சமையலறையில் அந்த அம்மா எனக்கு டீ கலந்துகொண்டிருந்தார். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மேடையில் செல்போன் இன்னும் வெளிச்சம் அணையாமல் கிடந்தது.

"என் பொண்ணுதான். இப்பத்தான் வச்சா. அவரு குளிக்கப் போறப்பத்தான் பேசுவோம். பாவம், கொஞ்ச நாளா ரொம்ப நேரம் குளிக்கிறாரு மனுஷன்" என்றார்.

மகள் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆறு வருடத்துக்கு முன் தானாக ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு இவர் கையை நீட்டி, இந்த வாசலை இனி மிதிக்காதே என்று சொல்லிவிட்டார்.

"வாடகை வீடும்மா அது. வாசலே வீட்டுக்காரரோடது. அதுல நின்னுதான் அவ்வளவு சத்தம் போட்டாரு." அந்த அம்மா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "மறுநாளே மனசு கேக்கல. ஆனா வாயத் தொறந்து வான்னு சொல்ல வரல. அவளும் அப்பா கூப்பிட்டா வரேன்னு நிக்கிறா. ரெண்டும் ஒரே அச்சு. அவ தினமும் ஏழு நாப்பது பஸ்லதான் போறா. அதான் தேடித் தேடி இந்த எடத்த வாங்கினாரு. அவ கண்ணுல படுற மாதிரி சொந்தமா ஒரு வாசல் கட்டிட்டா, பழைய வாசல்ல சொன்னது செல்லாதுன்னு அவளே புரிஞ்சுக்குவாளாம். என்கிட்டக்கூட இத நேராச் சொல்லல. முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தறேன், எனக்குத் தெரியாதா?"

டீயைக் கையில் வாங்கினேன். குடிக்கத் தோன்றவில்லை.

"இப்ப என்ன சொல்றாங்க உங்க பொண்ணு?"

அவர் ஜன்னல் வழியே வேலியைப் பார்த்தார். "தினமும் பாக்கறேன், வேலிதான் தெரியுதுங்கறா. அதுக்குப் பின்னாடிதான்டி வீடுன்னேன். அப்பா மறைச்சா கட்டியிருக்காருன்னு கேட்டா. இல்லடி, எஞ்சினியரம்மா அப்படிக் கட்டினாங்கன்னேன். நம்ப மாட்டேங்கறா. அப்பாவ மீறி யாரும்மா செய்வாங்கன்னு கேக்கறா. அவளுக்கு மாத்தல் வந்திருக்கு. இந்தச் சனிக்கிழமையோட இந்த பஸ்ஸும் கிடையாது."

அவர் குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு மனிதர் ஆறு வருடமாகச் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்வதற்காகக் கட்டிய வீட்டை, நான் சாமர்த்தியமாக இரண்டரை அடி கீழே இறக்கியிருக்கிறேன். அதுவும் அவரே எடுத்துக் கொடுத்த கணக்கை வைத்து. அவமானமாக இருந்தது. அந்த அவமானத்துக்கு நடுவிலும், படம் எடுக்கிறவர்கள் புதன்கிழமைதான் வருகிறார்கள், அதற்குப் பிறகு ஏதாவது செய்தால் ஆகாதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். புதனுக்கு முன்னால் சனி வருகிறது.

டிரைவர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"சார், வேலில ஒரு பத்தடி எடுத்துடலாமா?"

துண்டு தலையிலேயே நின்றது. "எதுக்கு மேடம்? படம் எடுக்க வராங்களே."

"காத்து. சமையக்கட்டுக்குக் காத்து போதல. சாலைப் பக்கச் சுவருக்குச் சுண்ணாம்பும் அடிச்சுடலாம். வெள்ளையா இருந்தா சூடு ஏறாது."

அந்தச் சுவர் எந்த நாளும் சூடேறாது என்று நான்தான் அவருக்கு ஒரு வருடமாகப் பாடம் நடத்தியிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

"காத்து வேணும்தான்" என்றார் அவர்.

அரிவாளை எடுத்துக்கொண்டு நேரே வேலிக்குப் போனார். எங்கே வெட்டுவது என்று என்னிடம் கேட்கவில்லை. மைல்கல்லிலிருந்து எட்டு வைத்து எண்ணிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். "இங்கதான் ரெண்டாவது கியர் போடுவான். மூணு செகண்ட் கிடைக்கும்" என்றார், எனக்குச் சொல்கிற மாதிரியும் இல்லை. பத்தடி என்றுதான் சொல்லியிருந்தேன். அவர் இருபதடி வெட்டினார். நான் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய வேலி. கட்டும்போது அதில் ஒரு கிளையைக்கூட ஆட்கள் ஒடிக்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தேன். வெட்டிய புதரை நானும் இழுத்துப் போட்டேன். கை முழுக்க முள்.

மேஸ்திரி சாயங்காலம் சுண்ணாம்போடு வந்தார். முதல் தடவையாக அவர் ஒன்றும் பேசவில்லை. பத்திரிகைக்குப் போன் செய்து, வேலி வளரட்டும், மழைக்குப் பிறகு பார்க்கலாம் என்றேன். அதற்குள் அவர்களுக்கு வேறு வீடு கிடைத்துவிடும். எனக்கு வருத்தம்தான்.

சனிக்கிழமை காலை நானும் அந்த பஸ்ஸில் ஏறினேன். ஏன் போனேன் என்று கேட்டால், கோடு சரியாக விழுகிறதா என்று சரிபார்க்க என்று சொல்வேன். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல்களையெல்லாம் இறக்கி மூடியிருந்தார்கள், கண்ணாடியில் அழுக்கும் ஈரமும். இடப்பக்கம் மூன்றாவது சீட்டில் அவள் இருந்தாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அதே தாடை. மடியில் திருத்திய நோட்டுகளின் கட்டு. கண்டக்டர் அவளிடம் டிக்கெட்டுக்கு வரவில்லை, தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவள் அப்பாவோடு பதினெட்டு வருடம் இதே வண்டியில் வேலை பார்த்தவர் அவர் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார்.

வளைவு வந்தது. பஸ் முனகிக்கொண்டு இரண்டாவது கியருக்கு இறங்கியது. வேலி, வேலி, வேலி. பிறகு திறந்தது.

வெள்ளைச் சுவர் பளிச்சென்று இருந்தது. அப்படி ஒரு வெள்ளையை என் வாழ்நாளில் எந்த வீட்டுக்கும் நான் அனுமதித்ததில்லை. அதற்கு முன்னால் அவர் நின்றிருந்தார். இந்த மூன்று விநாடிக்காக நிலம் வாங்கி, மண் சுமந்து, கல்லுக்குத் தண்ணீர் விட்ட மனிதர், பஸ் வரும் சத்தம் கேட்டதும் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விழுகிற தூறலில், கையில் குழாயைப் பிடித்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவள் ஜன்னலின் இரண்டு பிடிகளையும் அழுத்தித் தூக்கினாள். பாதியில் சிக்கியது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். சடாரென்று மேலே போனது.

"ஏம்மா, சாரல் அடிக்குது" என்றார் பின்சீட்டுப் பெண்.

ஜன்னலுக்கு வெளியே மறுபடியும் வேலி வந்துவிட்டிருந்தது. அவள் கழுத்தை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்குப் பக்கத்தில் நின்ற கண்டக்டரின் கை மணிக்கயிற்றில் இருந்தது. ஒரு முறை இழுத்தால் வண்டி நிற்கும். அவர் இழுக்காமல் மூன்றாவது சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மடியில் மேல் நோட்டின் அட்டை நனைந்து, ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு மெல்ல ஓரம் சுருண்டுகொண்டிருந்தது.