கழலாத வளையல்

தேசிய தின விடுமுறையில் தெங்சோங் ஊரின் பழைய கடைத்தெருவில் நடக்கவே வேண்டாம். சும்மா நின்றால் போதும், கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விடும். இந்த லட்சணத்தில் சுற்றிப் பார்க்க செங்டுவிலிருந்து மூன்று பேர் வந்திருந்தோம்: நான், நான் கட்டிக்கொள்ள நினைக்கும் கைஜியே, அவனைப் பெற்ற ஃபாங் ஆன்ட்டி. ஊர் பார்க்க வந்தோம் என்பது பேருக்குத்தான். ஆன்ட்டி பார்க்க வந்தது என்னை. அவர் சரி என்றால் புத்தாண்டுக்குள் கல்யாணம். இல்லையென்றால் இல்லை, கைஜியே அம்மா பேச்சைத் தட்டுகிற ஜாதி கிடையாது.

காலையில் ஹோட்டலிலேயே ஆன்ட்டி என் கையைப் பிடித்துப் பார்த்து, "பொண்ணு கையா இது? மூட்டை தூக்குற கை மாதிரி இருக்கு" என்றார். பள்ளியில் கைப்பந்து ஆடிய கை. என்ன செய்வது?

தெருவில் எல்லாக் கடையும் ஒரே கடைதான். மேளக்கடையில் மேளம் தட்டும் பெண், ரோஜாப்பூ கேக், ஜேட் கல் வளையல், மறுபடி மேளம் தட்டும் பெண். ஆன்ட்டி கேக் கடை ஒன்றுவிடாமல் நின்று, ருசி பார்க்கக் கொடுத்த துண்டைத் தின்று, "இனிப்பு ஜாஸ்தி" என்று முகம் சுளித்து, இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார்.

நான் செய்த பிசகு, ஒரு துண்டுக்குப் பேரம் பேசாமல் விட்டது. கழுத்தில் போடுகிற சாதாரணத் துண்டு.

"கேட்ட விலையை அப்படியே குடுத்துட்டியா?" என்றார் ஆன்ட்டி, சாவுச்செய்தி கேட்ட குரலில்.

கைஜியேவுக்கு அந்த நொடியே பசித்துவிட்டது. ஆபத்து என்றால் அவனுக்குப் பசிக்கும். சுட்ட தோஃபு விற்கும் இடத்தில் நீளமான வரிசையாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டான்.

"பிடிச்சிருக்குன்னு மூஞ்சில காட்டினா ஆள் காலி" என்றார் ஆன்ட்டி. "நாலு குறை சொல்லணும். எழுந்து நடக்கணும். அடுத்த கடை வர்றதுக்குள்ள அவனே ஓடி வந்து கூப்பிடுவான்." செங்டுவில் அவருடைய அடுக்குமாடி முழுக்க இதற்குத்தான் அவர் பிரசித்தம்.

மியாவ் என்பவரின் கடையில் இளம்பச்சை வளையல் ஒன்றை நான் கொஞ்சம் அதிகநேரம் பார்த்துவிட்டேன். ஆன்ட்டி கவனித்துவிட்டார்.

"மருமகளுக்கா, அக்கா?" என்று கேட்டார் மியாவ்.

"மருமகளா? பையனுக்குத் தெரிஞ்ச பொண்ணு, அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்றது. அழுகையே வந்திருக்கும், கூட்டத்தில் இடமில்லை.

வளையல் எட்டாயிரம் யுவான் என்றார் மியாவ். ஆன்ட்டி வேலையை ஆரம்பித்தார்.

"நிறம் வெளுத்திருக்கு. உள்ள ஏதோ புகை மாதிரி இருக்கு. அதுவும் இத்துணூண்டு, யார் கைக்கு ஏறும் இது? என் கைக்கே ஏறாது, பாருங்க!"

நிரூபிப்பதற்காக அழுத்தித் தள்ளினார். ஏறிவிட்டது.

"கச்சிதமா இருக்கே அக்கா!" என்றார் மியாவ்.

ஆன்ட்டி இழுத்தார். திருகினார். திரும்பி நின்று இழுத்தார். வளையல் அசையவில்லை. மியாவ் அவசரமே இல்லாமல் கெட்டிலில் தண்ணீர் வைத்தார்.

"மூவாயிரம்" என்றார் ஆன்ட்டி.

"எட்டாயிரம். உக்காருங்க, டீ குடிங்க."

பழக்கதோஷம், ஆன்ட்டி விருட்டென்று எழுந்து வாசலுக்கு நடந்தார். மியாவ் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"போயிட்டு வாங்க அக்கா. வளையல் பத்திரம்."

வேடிக்கை பார்த்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆன்ட்டி திரும்பி வந்து உட்கார்ந்தார். கை சிவந்து வீங்கத் தொடங்கியது. அதைவிட முகம் சிவந்திருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

நான் வாங்கியிருந்த கேக் பொட்டலத்தின் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் காலிசெய்து, "கையைக் குடுங்க ஆன்ட்டி" என்றேன். பையை வளையலுக்கு அடியில் நுழைத்து, அவர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, எலும்புகளைச் சேர்த்து நசுக்கினேன்.

"ஐயோ, கொல்றாளே!"

"கத்தாதீங்க! விரலைத் தளர விடுங்க!"

வளையல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. வருங்கால மாமியாரை அதட்டியது அப்புறம்தான் உறைத்தது. போச்சு, கல்யாணம் இங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

ஆன்ட்டி கையைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். பிறகு மியாவைப் பார்த்தார். முகத்தில் பழைய களை திரும்பிவிட்டது.

"இப்பப் பேசலாமா, முதலாளி?"

எட்டாயிரம் ஆறாயிரமாகி, ஐயாயிரமாகி, மியாவ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாலாயிரத்தில் நின்றார். ஆன்ட்டி எழுந்தார். இனி நடக்க வேண்டியதுதான் பாக்கி. வாசல்வரை போனவர் நின்றார். நசுக்கிய வேகத்தில் சிவந்திருந்த என் விரல்களையே பார்த்தார். திரும்பி வந்து வளையலை எடுத்தார், அதே பையை என் கையில் மாட்டினார், தள்ளினார்.

"வலிக்குது ஆன்ட்டி!"

"கத்தாத. விரலைத் தளர விடு."

பெரிய எலும்பு. உயிர் போகிற வலியோடு ஏறி உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

"வராது. இனிமே நீ கெழவியானாலும் வராது" என்றார் ஆன்ட்டி.

மியாவ் நிதானமாக மறுபடி கெட்டிலைக் கையில் எடுத்தார்.

"எட்டாயிரம் அக்கா. மருமகளுக்கா?"

"பின்ன, தெருவுல போறவளுக்கா?"

ஆன்ட்டி செல்பேசியை எடுத்துப் பணத்தைக் கட்டினார். ஒரு யுவான் குறையவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேளக்காரி வேறு சரியாக அந்த நேரம் பார்த்து அடி அடியென்று அடித்தாள்.

வெளியே கைஜியே தோஃபுவோடு நின்றான். வளையலையும் பார்த்தான், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான்.

"எவ்வளவும்மா?"

ஆன்ட்டி மேளக்காரியை வேடிக்கை பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"மூவாயிரம்" என்றேன் நான். "அத்தை மாதிரி பேரம் பேச யாரால முடியும்?"

அத்தை அவன் கையிலிருந்து சூடான தோஃபு ஒன்றைப் பிடுங்கி என் வாயில் திணித்தார். கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போகையில் என் காதோரம் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம் கொறச்சுச் சொல்லியிருக்கலாம்."