வண்டிக்கு எந்தப் பக்கம்

பயிற்சிப் புத்தகத்தின் பதினேழாம் கேள்விக்கு மாரிஸ் ‘போகலாம்’ என்றார். கடைசிப் பக்கத்தில் இருந்த விடைப்பட்டியலில் ‘நிற்க வேண்டும்’ என்று போட்டிருந்தது.

அவர் மனைவி பெர்னடெட் கேள்வியை இன்னொரு தடவை வாசித்தாள். சமிக்ஞை விளக்கு இல்லாத நாற்சந்தி. ஒரு கார், ஒரு மோட்டார் சைக்கிள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. கார் ஓட்டுபவர் என்ன செய்ய வேண்டும்? பக்கத்தில் ஒரு படம், மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்தது.

“வண்டிக்கு எந்தப் பக்கத்துலேர்ந்து வரான் மோட்டார்காரன்?” என்று கேட்டார் மாரிஸ்.

“இடது பக்கம்.”

“இடதுன்னா நீ போலாம். வலதுலேர்ந்து வரவனுக்குத்தான் வழி விடணும். இதுல என்னா இருக்கு?”

“நிக்கணும்னு போட்டிருக்காங்க.”

“அப்ப புஸ்தகம் தப்பு.”

பதினொன்றாம் கேள்விக்கும் அப்படித்தான் சொன்னார், பதினான்காம் கேள்விக்கும். ஒரு புத்தகத்தில் அச்சுப்பிழை ஒன்றிரண்டு இருக்கலாம். படம் போட்ட கேள்விகளில் மட்டும் பிழை வருவதும், வேக வரம்பு, மஞ்சள் கட்டம், இரட்டைக் கோடு என்று எழுத்தில் மட்டும் இருக்கும் கேள்விகள் எல்லாம் சரியாக இருப்பதும் எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை.

மாரிஸ் முப்பத்தோரு வருடம் லோரி ஓட்டியவர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிக்கொண்டு சிம்பாங் லீமா சுற்றுவட்டத்தை எத்தனை ஆயிரம் தடவை சுற்றியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. சாலை விதி அவருக்கு மனப்பாடம் இல்லை, கைப்பழக்கம். ஆனால் இரண்டு வருடமாக அவருக்குக் கண் தெரியாது. சர்க்கரை முதலில் கண்ணுக்குள் இருந்த மெல்லிய ரத்தக் குழாய்களை உடைத்தது, பிறகு சிறுநீரகத்துக்குப் போனது. இப்போது ஜன்னல் இருக்கும் திசை மட்டும் வெளிச்சமாகத் தெரியும். ஆகவே படத்தை அவள் பார்த்துச் சொல்ல, விதியை அவர் சொல்ல, இருவரும் சேர்ந்து ஒரு ஓட்டுநராகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

உண்டாங் எனப்படும் சாலை விதித் தேர்வில் ஐம்பது கேள்விகள். நாற்பத்திரண்டு சரியாக இருக்க வேண்டும். பெர்னடெட் முதல் தடவை நாற்பது எடுத்தாள், இரண்டாம் தடவை நாற்பத்தொன்று. கணினி மதிப்பெண்ணை மட்டும்தான் காட்டியது, எந்தக் கேள்வி தப்பு என்று சொல்லவில்லை. மூன்றாம் தேர்வு நாளை மறுநாள், புதன்கிழமை.

மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கே கூடத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு ரோனி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேலியோரமாக ஓடிவந்தான். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மாரிஸை ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருபவன் அவன்தான். அவனுடைய இரவு ஷிப்டு அதற்குத் தோதாக இருந்தது. ஆனால் தொழிற்சாலை ஜொகூருக்கு மாறுகிறது. ஆகஸ்ட் முதல் தேதி அவன் அங்கே இருக்க வேண்டும்.

“நாளைக்கு ஆறு மணிக்குக் கெளம்பணும் அங்கிள். பாலத்துல ஜாம் ஆவும்.”

“சரிடா.”

“ஆன்டி, படிப்பு எப்படிப் போவுது?”

“உங்க அங்கிள் புஸ்தகத்தையே ஃபெயில் ஆக்கிட்டாரு.”

ரோனி சிரித்தான். “விடுங்க ஆன்டி, மூணாவது தடவ எல்லாருக்கும் கெடச்சிரும்லா. என் தங்கச்சி ஷார்மைன் அஞ்சாவது தடவ பாஸ் பண்ணா. இன்னிக்கு வரைக்கும் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது.”

“ஒங்க வீட்டு வேலி சாஞ்சப்பவே தெரிஞ்சுச்சு,” என்றார் மாரிஸ்.

ரோனி போன பிறகு சிரிப்பு நிற்கவில்லை, மெல்லத் தேய்ந்து போனது. தேதிகளை இருவரும் பல தடவை எண்ணிப் பார்த்துவிட்டார்கள். உண்டாங் தேறினால்தான் பயிற்சி உரிமம். உரிமம் கிடைத்தால்தான் பயிற்சி வகுப்பு. வகுப்பு முடிந்தால்தான் சாலைத் தேர்வு. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் பத்து வாரம் என்று ஓட்டுநர் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். இது மே மாத நடுப்பகுதி. புதன்கிழமை தவறினால் அடுத்த இடம் மூன்று வாரம் கழித்து. அப்புறம் ஆகஸ்ட் தாண்டிவிடும்.

சுத்திகரிப்பு நிலையத்தின் வேன் அவர்கள் குடியிருக்கும் பக்கம் வருவதில்லை. வாடகைக் காரை ஒரு முறை போனில் அழைத்துப் பார்த்தார்கள். நான்கு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றும்போது உடம்பிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் நீரையும் இழுத்துவிடுவார்கள். அதனால் சில நாள் ரத்த அழுத்தம் சடாரென்று விழும். அன்று காரில் மாரிஸ் வாந்தி எடுத்தார். ஓட்டுநர் இருவரையும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கண் தெரியாத மனிதர் லோரிச் சத்தத்துக்கு நடுவே இரும்புத் தடுப்பைப் பிடித்தபடி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு தெரியாதவர் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

“இருபத்திரண்டு,” என்றாள் பெர்னடெட். “சுற்றுவட்டம். லோரி ஒண்ணு உள்ள சுத்திக்கிட்டு இருக்கு. கார் நுழையப் போவுது. லோரி வண்டிக்கு இடது பக்கம்.”

“இடதுன்னா அவன் நம்மளத் தாண்டிட்டான். போலாம்.”

அவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள்.

“என்ன போட்டிருக்கு?”

“நிக்கணுமாம்.”

வலதுக்கு வழி விடுவது என்பது ஏதோ ஒரு அதிகாரி நினைத்தபடி எழுதிவைத்த விதி இல்லை என்று மாரிஸ் முன்பு அவளுக்கு விளக்கியிருந்தார். இரண்டு வண்டிகள் சந்தியில் சந்திக்கின்றன. நீ எனக்கு வலது பக்கம் என்றால் நான் உனக்கு இடது பக்கம். ஆகவே நான் நிற்க வேண்டும், நீ போக வேண்டும். இருவருமே நிற்பதோ இருவருமே பாய்வதோ நடக்காது. நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வந்தால் என்று அவள் கேட்டதற்கு, “அப்ப எவன் லோரி பெருசோ அவன் போவான்” என்றார். அந்த விதியைத்தான் இப்போது புத்தகம் திரும்பத் திரும்ப இல்லை என்றது.

“பெர்னி, அந்த நர்சு சொன்னாங்கல்ல. ரத்தத்துல அழுக்கு தங்கிட்டா ஞாபகம் தடுமாறும்னு.”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“தலைக்கும் வந்திருச்சோ என்னவோ. இனிமே என்கிட்ட கேக்காத. நான் சொல்லிச் சொல்லித்தான் நீ ரெண்டு தடவ ஃபெயில் ஆன.” அவர் தட்டித் தடவி எழுந்து, தையல் மேசையோரம் கிடந்த கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கண் போனபோதும் சிறுநீரகம் போனபோதும் அவர் இப்படிப் படுத்ததில்லை. மிச்சம் இருந்தது சாலை ஒன்றுதான். அதுவும் போய்விட்டது என்று அந்த முதுகு சொன்னது.

அவர் தப்பா, புத்தகம் தப்பா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தன் வார்த்தையை நடுவில் வைக்காமல் படத்தை அப்படியே அவரிடம் சேர்த்தால் தெரிந்துவிடும். அவருடைய வலது உள்ளங்கையைப் பிடித்து விரலால் சந்தியை வரைந்தாள்.

“ஒண்ணும் தெரியல,” என்றார். சர்க்கரை விரல்களையும் மரக்க வைத்திருந்தது. இடது கையைத் தொடக் கூடாது. சுத்திகரிப்பு ஊசிக்காக அங்கே இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள், தொட்டால் உள்ளே மோட்டார் ஓடுவதுபோல அதிரும்.

“அப்படியே படுத்திருங்க,” என்று சொல்லி, பனியனுக்கு மேலேயே முதுகில் வரைந்தாள். ஒரு காலத்தில் நாற்பத்து நான்கு அங்குலச் சட்டை போட்ட முதுகு. இப்போது விலா எலும்புகள் மேல் விரல் ஏறி இறங்கியது. “பதினேழாம் கேள்வி. இடுப்புலேர்ந்து கழுத்துக்கு ஒரு ரோடு. அதக் குறுக்க வெட்டி இன்னொரு ரோடு. கார் இடுப்புலேர்ந்து மேல போவுது. மோட்டார் இங்கேர்ந்து வருது.”

“வலதுலேர்ந்து வருது,” என்றார் மாரிஸ் சுவரைப் பார்த்தபடி.

“இடது.”

“என் முதுகு பெர்னி. என் வலது தோளு எனக்குத் தெரியாதா? வலதுலேர்ந்து வருது. நிக்கணும்.”

அவள் புத்தகத்தைப் பார்த்தாள், முதுகைப் பார்த்தாள். இருபத்திரண்டை வரைந்தாள். “வலதுல சுத்தி வரான், நிக்கணும்,” என்றார். பதினொன்று, பதினான்கு. எல்லாம் விடைப்பட்டியலில் இருந்தபடியே வந்தன.

மாரிஸ் எழுந்து உட்கார்ந்தார். “புஸ்தகம் சரி. நானும் சரி. அப்ப நீ ஏன் இடதுன்னு சொன்ன? எந்தக் கையால சாப்பிடணும்னு ஒனக்குத் தெரியும்ல?”

“நீங்கதான் வண்டிக்கு எந்தப் பக்கம்னு கேட்டீங்க. என் வலதுல இருந்திச்சு. அதான் வண்டிக்கு இடதுன்னேன்.”

“ஒன் வலதுல இருந்தா வண்டிக்கு எப்படி இடது ஆவும்?”

“எப்பவும் அப்படித்தானங்க.”

சொல்லும்போதே அவள் கண் தையல் மேசைக்குப் போனது. வெட்டிய ரவிக்கை ஒன்று முன்பக்கம் மேலே தெரியும்படி விரித்துக் கிடந்தது. இருபத்தாறு வருடமாக அவள் சேலை ரவிக்கை தைக்கிறாள். முந்தானை இடது தோளை மூடிவிடும் என்பதால், ஒரு பக்கம் மட்டும் பூவேலை கேட்பவர்களுக்கு அது வலப்பக்கம் வர வேண்டும். வலப்பக்கம் என்றால் போடுகிறவளின் வலப்பக்கம். ரவிக்கை மல்லாந்து கிடப்பதால் அது தைக்கிறவளின் இடது கைப்பக்கம் இருக்கும். புதிதாகத் தொழில் பழகுகிறவர்கள் இதில்தான் துணியைக் கெடுப்பார்கள். அவளும் ஒரு கல்யாணப் பட்டுத் துணியைக் கெடுத்துப் பழகியவள். ‘இவளுக்கு எந்தப் பக்கம்’ என்று யாராவது கேட்டால் போதும், யோசிக்காமலே அவள் கண் இடம் மாற்றிவிடும்.

அதை அவரிடம் சொன்னாள்; தேர்விலும் அவர் கேட்பதுபோலவே மனதுக்குள் கேட்டுக்கொண்டதையும் சொன்னாள். மாரிஸ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப ரெண்டு தடவையும் ஒன்னைக் கவுத்தது என் கேள்விதான்.”

“நீங்க நல்லாத்தான் கேட்டீங்க.”

“நல்லாக் கேட்டு நாலு மாசம் போச்சு.” அவர் கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். ஆகஸ்டுக்குள் முடியுமா என்று இப்போதும் தெரியவில்லை. சாலைத் தேர்வில் என்ன வரும் என்றும் தெரியவில்லை. “சரி, புதன்கிழம நான் பக்கத்துல இருக்க மாட்டேன். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால என்ன செய்வ? சொல்லு.”

பெர்னடெட் ரவிக்கையை எடுத்துக் குப்புறப் போட்டாள். பின்துண்டு மேலே வந்தது. அதன் வலத் தோள் அவள் வலது கைப்பக்கம் இருந்தது. கீழ்ப்பக்கத்தைப் பிடித்து மேசைமேல் அதை மெல்லச் சுற்றினாள். கழுத்து எந்தத் திசைக்குப் போனாலும் பின்துண்டு பின்துண்டாகவே இருந்தது.

“படத்துல வண்டி மல்லாந்து கெடக்கல, குப்புறக் கெடக்கு. தெரியறது கூரை, அதான் அதோட முதுகு. வண்டியோட மூக்கு மேல்பக்கம் வர வரைக்கும் மனசுல படத்தச் சுத்தணும், ஆனா பொரட்டக் கூடாது. அப்புறம் என் வலதுதான் வண்டிக்கு வலது. அந்தப் பக்கம் யாராவது வந்தா நிக்கணும்.”