கண்ணில் படாதவை

“நீ யார் பக்கம்டி?” என்று அண்ணன் ஒருமுறை சின்னவளைக் கேட்டிருந்தான். அன்று அவள் துணி மடித்துக்கொண்டே இருந்தாள்.

இன்று அக்காவின் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கையில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி விட்டுப்போன பசையைச் சின்னவள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் உள்ளே வந்தான்.

“ஆத்துத் தண்ணிதானே காய்ச்சலைக் கொடுத்துச்சு? நீர்நாய்க்கு அப்படி வக்காலத்து வாங்கினாளே, ஒண்ணாவது எட்டிப் பாத்துச்சா?”

“டேய், சாவு வீட்டுல வாயை அடக்கு,” என்றாள் அத்தை.

“அஞ்சைப் பாத்துட்டு நாப்பதுன்னு எழுதினவ, அத்தை, இவ!”

எழுதியது உண்மைதான். உயிரினங்களின் எண்ணிக்கையைக் கணக்குப் போட்டு மதிப்பிடுவது அக்காவின் ஆராய்ச்சி. லீவு நாளிலும் துடுப்புப் படகோடு ஆற்றில்தான் கிடப்பாள். நீர்நாய்களைத் தொண்டைப் புள்ளிகளை வைத்து அடையாளம் பிடிப்பாள். மறுமுறை போகும்போது பழைய முகம் எத்தனை, புது முகம் எத்தனை என்று பார்ப்பாள். புது முகம் அதிகமென்றால் கண்ணில் படாதவை இன்னும் நிறைய இருக்கின்றன என்று கணக்கு. அந்தக் கணக்கால்தான் அண்ணனின் ஆற்றங்கரை விடுதிக்கு அனுமதி கிடைக்கவில்லை. அன்றோடு, அக்காவுக்குத் தம்பியான அவன், இந்த வாசலை மிதிக்கவில்லை.

கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தம்பிக்குச் சொல்லிட்டியா?”

“சொல்லியாச்சு. வரமாட்டான்.”

“நம்ம கண்ணுல படலைன்னா இல்லைன்னு ஆயிடுமாடி? கீழதான் நிப்பான். போய்ப் பாரு.”

சின்னவள் படியிறங்கிப் போய்ப் பார்த்தாள். யாருமில்லை. மேலே வந்ததும் அக்கா மறுபடி அனுப்பினாள். தன் பேச்சு நிற்கும்வரை அனுப்பிக்கொண்டே இருந்தாள்.

அத்தை டீ போட எழுந்து போனாள். அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். அக்காவின் முகம் வெயிலில் கறுத்திருந்தது. தொப்பி மறைத்த நெற்றியில் மட்டும் வெளுப்பாக ஒரு பட்டை.

“எப்படிக் கறுத்துட்டா பாரு. படிச்சவ மாதிரியா இருக்கா?”

சின்னவள் துடைப்பதை நிறுத்தவில்லை. அண்ணன் செருமினான். குரல் இறங்கியது.

“கடைசியா… என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?”

அவள் துணியைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டி முடியும்வரை பிழிந்தாள்.

“இல்ல.”

“ஒரு வார்த்தைகூடவா?”

“உன் பேச்சையே எடுக்கல.” அவனை நேராகப் பார்த்துத்தான் சொன்னாள்.

அத்தை டீயோடு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. சின்னவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவன் காரை மறித்துக்கொண்டு சவ ஊர்தி நின்றிருந்தது. வண்டியை நகர்த்தட்டுமா என்று அதன் ஓட்டுநர் கையால் கேட்டார். அண்ணன் காரை அங்கேயே விட்டுவிட்டுத் தெருவில் நடந்து போனான்.