மூங்கில் முதுகு

...இன்னும் ஒரு இழு, ஒரே ஒரு இழு, அப்புறம் விட்டுவிடலாம் என்று சாரா பீவி நாடாவைக் கையில் சுற்றி இழுத்தாள், மகளின் முதுகில் மூங்கில் சிம்புகள் கிறீச்சிட்டு நெருங்கின, இடது தோள் கொஞ்சம் ஏறியது, போதாது, வலதோடு சேர இன்னும் ஒரு விரற்கடை வேண்டும், நாலு மணிக்குப் பாலக்கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்துவிடுவார்கள், இப்போதே மூன்றரை... “மூச்சு முட்டுதும்மா” என்றாள் ஜஹானாரா. முட்டத்தான் செய்யும். பொன்மலை ரயில்வே காலனியில் டோரத்தி துரைசானி மட்டும் தாராளமாக மூச்சு விட்டாளா என்ன? விக்டோரியா ராணி காலத்தில் தன் அம்மா போட்டிருந்த கார்செட் என்று ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டி, இதே மாதிரி புதுசு தைக்க வேண்டும் என்று அவள் கேட்டபோது சாரா பீவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை, இதென்ன உள்ளுடுப்பா, கோழிக்கூடா? உள்ளே திமிங்கில எலும்பு வைத்திருந்தார்கள், திருச்சியில் திமிங்கிலத்துக்கு எங்கே போவது, உறையூரில் கூடை முடைகிற பொன்னுத்தாயிடம் மூங்கிலைச் சீவி வாங்கி, காடாத்துணியில் இரட்டைத் தையல் போட்டு, பன்னிரண்டு சிம்புக்கும் பன்னிரண்டு குழல், பின்னால் நாடா கோக்க இருபது கண், ஒவ்வொன்றுக்கும் கையால் காஜா... துரைசானி கப்பலேறி ஐந்து வருஷம் ஆகிறது, அளவு வெட்டின காகிதம் மட்டும் மிஷின் பெட்டியில் கிடந்தது. அதை வைத்துச் சொந்த மகளுக்கு வெட்டப்போகிறோம் என்று அன்றைக்குத் தெரியுமா?

தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதில் ஜஹானாராவின் சட்டை இடப்பக்கம் இறங்கித் தொங்கியது, அரை அங்குலம் குறைத்து வெட்டினாள், சரியாகிவிட்டது. பதினொன்றில் முக்கால் அங்குலம், பன்னிரண்டில் ஒன்றேகால்... ஒவ்வொரு பெருநாளுக்கும் சட்டை அழகாகத்தான் நின்றது, உள்ளே பிள்ளையின் முதுகு வளைந்துகொண்டே போனது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அளவெடுத்தவள், அரைக்கால் அங்குலம் கோணினாலும் கண்டுபிடிப்பவள், துணியைத்தானே பார்த்தாய், பிள்ளையைப் பார்த்தாயா பாவி? சத்திரத்தில் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்து டாக்டரிடம் காட்டியபோது வயது பதினேழு, “சின்னதுலயே கொண்டாந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்மா, எலும்பு முத்திப் போச்சே” என்றார். திரும்பும்போது காவேரிப் பாலத்தில் ஜஹானாரா ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் மூன்று இடம் வந்தது, மூன்று பேரும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, அந்தத் தோளையே பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். இதுவும் போனால்? வயது இருபத்தைந்து முடிகிறது, இவளைப் பெற்ற அத்தா ஹனீஃபாவோ காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்கிறார், அல்லாஹ் பார்ப்பான், மாப்பிள்ளை வீட்டாரும் பார்க்கிறார்களே... “அவங்ககிட்ட சொல்லிட்டா என்னம்மா? கல்யாணத்துக்கு அப்புறம் தெரியாமயா போயிடும்?” “வாய மூடிக்கிட்டு நிமிந்து நில்லு.” வேறு வழி? கார்செட்டுக்குள் நிமிர்ந்துதான் நிற்க முடியும். தோள் பள்ளத்தில் பஞ்சு, மேலே ரவிக்கை, சேலை, முக்காடு... கண்ணாடியில் இரண்டு தோளும் ஒரே மட்டம். என் பிள்ளை எவ்வளவு அழகு என்று சாரா பீவிக்கு அழுகையாய் வந்தது.

சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள், மாப்பிள்ளையின் அம்மா நஜ்முன்னிசாவும் கூட இரண்டு பெண்களும். ஜஹானாரா ஷர்பத் தட்டோடு வந்தாள், குனியாமல் நீட்டினாள், யாரும் எதையும் கவனிக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று சாரா பீவி மனசுக்குள் சொல்லி முடிப்பதற்குள் நஜ்முன்னிசா எழுந்து, “வாம்மா, கிட்ட வா” என்று இரண்டு கையையும் விரித்தாள். கட்டி அணைப்பார்கள்! பெண்ணைப் பிடித்துவிட்டால் அணைத்து நெற்றியில் முத்தம் கொடுப்பது நம் வழக்கம்தானே, நேற்றுப் பிறந்தவளா நீ, பதினைந்து நாளாக உட்கார்ந்து பார்க்கிற கண்ணுக்குத் தைத்தாயே, தொடுகிற கைக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்? முந்தின மூன்று பேரில் ஒருத்தியும் அணைக்கவில்லை, அதனால் அப்படியொன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. நஜ்முன்னிசாவின் உள்ளங்கை தோளில் பட்டது, பஞ்சில் அமுங்கியது, முதுகுக்கு இறங்கியது, ஒரு சிம்பு, அடுத்த சிம்பு, நாடா முடிச்சில் நின்றது. நின்றே விட்டது. அவ்வளவுதான், இப்போது கையை உதறுவாள், என்னங்க இது என்று கேட்பாள்... “மாஷா அல்லாஹ்” என்றாள் நஜ்முன்னிசா. “எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. நோன்புக்கு முன்னாடியே நிக்காஹ்வ வச்சிடுவோம். பெருசா கூட்டமெல்லாம் வேணாங்க.”

தடவிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள், சந்தேகமே இல்லை, தெரிந்துவிட்டது, தெரிந்தும் சிரிக்கிறாள். சந்தோஷப்படேன் சாரா, இன்னும் என்ன யோசனை? அந்த முகத்தில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை, அப்பாடா என்கிற நிம்மதிதான் இருந்தது, தேடி அலைந்த சாமான் கிடைத்துவிட்ட நிம்மதி. எதையோ மறைத்துக்கொண்டு வந்தவளுக்கு அல்லவா அப்படியொரு முகம் வரும்? மாப்பிள்ளை நசுருதீனை நாம் எங்கே முழுசாகப் பார்த்தோம்? போட்டோவில் மார்புவரைதான் இருந்தான், இவள் அத்தா பார்க்கப் போனபோது கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே சலாம் சொன்னானாம், எழுந்திருக்கவில்லையாம், வியாபார நேரம் என்று அவரும் திரும்பி வந்துவிட்டார்... காலா? வலிப்பா? வெளியில் தெரியாத வேறேதாவதா? கேட்டுவிடலாம், பிள்ளையின் வாழ்க்கையாயிற்றே, ஆனால் கேட்டால் அவளும் கேட்பாளே, முதலில் இந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டுங்கள் என்பாளே... “மாப்பிள்ளைக்கு...” என்று சாரா பீவி வாயெடுத்தாள். “சொல்லுங்க” என்றாள் நஜ்முன்னிசா, சிரித்தபடியே. அவள் கை இன்னும் ஜஹானாராவின் முதுகிலேயே, அந்த நாடா முடிச்சின் மேலேயே இருந்தது.