கதவுப் பாதுகாப்புச் சட்டம்

அந்த ஊரில் போலீஸ் கதவை உடைத்து வீடு புகுந்த காலத்தில், மக்களுக்கு இருந்த வருத்தமெல்லாம் கதவைப் பற்றியதுதான். ஆள் போனால் என்றைக்காவது நொண்டிக்கொண்டாவது திரும்பி வருவான். கதவு வருமா? ஆளும் போய், கதவும் போய், நிலையும் பிளந்து, தச்சன் வீட்டு வாசலில் போய்த் தவம் கிடக்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரர்கள் 'கதவை உடைக்காதே' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். எழுதியவர்களின் கதவுகளே அந்த வாரம் உடைந்தன.

கடைசியில் அரசாங்கம் மக்களின் குரலுக்குச் செவிசாய்த்தது. அதுதான் வினையாகப் போயிற்று. கதவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. இனி எந்தக் கதவும் உடைபடாது. வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தன் வாசல் பூட்டுக்கு மாற்றுச் சாவி ஒன்று போட்டு ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கூடவே வாரண்ட் என்ற தொல்லையும் ஒழிந்தது. சாவி வைத்திருப்பவன் எவனிடம் போய் அனுமதி கேட்பான்? கேட்டது கிடைத்துவிட்டதால் எதிர்க்கட்சிக்காரர்கள் கொஞ்ச நாள் விக்கித்துப் போய் நின்றார்கள்.

சட்டத்தால் பிழைத்தவர் ஒருவர் உண்டு. கடைத்தெரு முனையில் தகரக் கூரைக்குக் கீழே பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்த சாவிக்காரர். ஊர்ச் சாவி முழுக்க அவர்தான் போட வேண்டும் என்று உத்தரவு வாங்கிக் கொடுத்தவன் அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர். வெள்ளைச் சட்டையில் சுருக்கம் விழுந்தால் கட்சிக்கு இழுக்கு என்று நாற்காலியில் சாயாமல் உட்காருகிறவன்.

"பாத்தீங்களா மாமா, நம்ம ஆட்சியில உங்களுக்கு ஒரு வழி பண்ணிட்டேன்" என்றான்.

"உன் வீட்டுச் சாவி எப்ப போடணும் மாப்ள?"

"எங்க வீட்டுக்கு எதுக்கு? கட்சிக்காரங்களுக்கு விலக்கு உண்டு. நாங்கதான் தட்டினா தொறந்துடுவோமே."

சாவிக்காரரின் கைத்திறமையை ஊரே சொல்லும். ஒரு பூட்டை ஒருமுறை கையால் மாட்டிவிட்டால் அதன் சாவி எப்படி என்பது விரலில் தங்கிவிடும். எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும், மூலச் சாவி இல்லாமலே அரத்தால் ராவி எடுத்துவிடுவார். தூங்கும்போதுகூட அவர் விரல்கள் ராவிக்கொண்டிருக்கும் என்றும், தலையணைப் பஞ்சு அதனால்தான் குறைந்து போயிற்று என்றும் அவர் மனைவி சொல்வதுண்டு. சுற்றாத சாவி ஒன்றை அவர் கொடுத்தார் என்று யாரும் வாயெடுத்ததில்லை.

சாவிகள் குவிந்தன. ஸ்டேஷன் மாடியில் ஓர் அறை முழுக்க ஆணி அடித்து, அட்டை கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தக் கனத்தில் மாடியே ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது. கீழே வேலை பார்த்த நெட்டை ஏட்டு நாளெல்லாம் குனிந்தே நடக்க வேண்டியதாயிற்று. பார்க்க வந்த மேலதிகாரி அதைப் பணிவு என்று நினைத்து, அவருக்குப் பதக்கம் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் சாவிக்காரரின் தம்பி கடைக்கு வந்தான். வாத்தியார் வேலையைப் பேச்சால் தொலைத்துவிட்டு, எதிர்க்கட்சி மேடைகளில் முழங்கிக்கொண்டிருந்தவன். சட்டையில் மேல் பொத்தான் எப்போதும் இருக்காது. மேடையில் ஆவேசம் வந்தால் அதைத்தான் முதலில் பிய்ப்பான்.

"அண்ணே, என் சாவியையும் நீயே போடு."

"ஊருக்கே நான்தான் போடறேன். உன்னுது மட்டும் வானத்துலேர்ந்தா வரும்?"

"போடு. ஆனா போடாதே."

"புரியற மாதிரி பேசுடா. இது மேடை இல்ல."

தம்பி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தான். "பாக்கறதுக்குச் சாவியா இருக்கணும். பூட்டுல விட்டா சுத்தக் கூடாது. அவங்க வாசல்ல நின்னு நோண்டற நேரம் எனக்குப் போதும். பின்பக்கமா போயிடுவேன்."

"ஊரை விட்டே போயிடேன்."

"போனா பயந்தவன்னு சொல்லுவான். வீட்டுலயே இருக்கணும், ஆனா மாட்டக் கூடாது. அதுதான் அரசியல்."

"சரி, ஒரு பல்லை ஒரு இழுப்பு அதிகமா இழுத்தா முடிஞ்சுது. போய் வேலையைப் பாரு."

தம்பி சிரித்துக்கொண்டே போனான்.

சாவிக்காரர் பித்தளைத் துண்டைப் பிடியில் இறுக்கி, ராவ ஆரம்பித்தார். பல் ஒவ்வொன்றாக எழுந்தது. சரியான சாவி பிறந்துவிட்டது. இனி ஒரே ஓர் இழுப்பு. அரத்தை வைத்தார். எடுத்தார். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். சாவி அவ்வளவு நேர்த்தியாக வந்திருந்தது. அதற்குள் ஒரு நிழல் விழுந்தது. ஏட்டு. தெருவில் மாடி இல்லை என்றாலும் பழக்க தோஷத்தில் குனிந்தே வந்து நின்றார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது" என்றது வாய்.

கை சாவியை நீட்டிவிட்டது. ஏட்டு அதில் அட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். "கை கேக்க மாட்டேன்னுடுச்சு. பொய்ச் சாவி போட்டுப் பழக்கமில்லாத கை."

"கை மேல எதுக்குப் பழி? ஏட்டைப் பாத்ததும் பயம் வந்துடுச்சு. அப்படிச் சொல்லுங்க, சோறு போடறேன்."

அவர் சொல்லவில்லை. அதனால் சாப்பிடவும் இல்லை.

"போய் உங்க தம்பிகிட்டயாவது விஷயத்தைச் சொல்லிட்டு வாங்க."

"காலையில சொல்றேன்."

காலையில் கடையில் கூட்டம். மத்தியானம் போகலாம் என்று இருந்தார். மத்தியானம் போலீஸ் போயிற்று. முன்பெல்லாம் சந்தடி அடங்கிய பிறகு வந்து உடைப்பார்கள். சாவி வந்த பிறகு எதற்கு ஒளிவு? தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பூட்டுக்குள் சாவி நுழைகிற சத்தம் கேட்டு, அவன் பெண்டாட்டி பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு "எழுந்திரிங்க" என்றாளாம். "அவசரமில்ல, அண்ணன் போட்ட சாவி. கொஞ்ச நேரம் நோண்டட்டும்" என்று சொல்லி, இன்னொரு கரண்டி குழம்பு கேட்டானாம். கரண்டி தட்டுக்கு வருவதற்குள் கதவு திறந்துவிட்டது.

கடைத்தெரு வழியாகத்தான் அவனைக் கூட்டிப் போனார்கள். தகரக் கூரைக்கு எதிரே வந்ததும் ஒரு நிமிஷம் நின்றான். கை கழுவக்கூட விடவில்லை போலிருக்கிறது. விரல்களில் குழம்பு காய்ந்திருந்தது.

"சாவி நல்லா சுத்துதுண்ணே" என்றான். "எண்ணெய்கூடத் தேவைப்படல."

அதன்பிறகு ஊரில் ஒரு வினோதம் நடந்தது. யாரும் கதவைப் பூட்டுவதில்லை என்று ஆகிவிட்டது. எப்படியும் திறக்கப்போகிற கதவைப் பூட்டுவானேன் என்று அகலத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கினார்கள். இது அரசாங்கத்துக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. சாவி எடுத்துக்கொண்டு போன போலீஸ்காரர்கள் சாவி போட இடமில்லாமல் வாசலில் அசடு வழிய நின்றார்கள். உடனே சட்டத்தில் ஒரு திருத்தம்: கதவைத் திறந்து வைப்பது, அதைத் திறக்கும் காவல்துறையின் கடமையைத் தடுப்பதாகும். பூட்டாதவர்களைப் பிடித்தார்கள். மேல்தெருவில் ஒரு கிழவர் வாசலில் கதவே இல்லை. கோணித் திரைதான். அவரைக் கடன் வாங்கிக் கதவு போட வைத்து, பூட்டு மாட்டி, அதைத் திறந்து உள்ளே போய் அவரைப் பிடித்தார்கள்.

தேர்தல் வந்தது. 'சாவிகளை உருக்குவோம்' என்றது எதிர்க்கட்சி. உருக்கி என்ன செய்வது என்பதில் ஊருக்கு ஊர் வேறு வாக்குறுதி: ஓர் ஊரில் பெரிய மணி, ஓர் ஊரில் தண்ணீர்க் குழாய், இன்னொன்றில் தலைவர் சிலை. ஜனங்கள் ஓட்டை அள்ளிப்போட்டார்கள். சிறையிலிருந்தபடியே நின்ற தம்பி எம்.எல்.ஏ. ஆகி, மாலையோடு வெளியே வந்தான்.

வந்தவன் முதல் வேலையாக அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினான்.

"வாசலுக்குப் புதுப் பூட்டு மாட்டணும். இருக்கறதுலயே கெட்டியானது. மாட்டிட்டு சாவி எல்லாத்தையும் என் கையில குடுத்துடு."

சாவிக்காரர் மாட்டிக் கொடுத்தார். அன்றைய குழம்பைப் பற்றி அவனும் பேசவில்லை, இவரும் பேசவில்லை. பேசியிருந்தால் ஒருவேளை தீர்ந்திருக்கும்.

உருக்கும் விழாவுக்கு நாள் குறித்து, பந்தல் போட்டு, உலைகூட வைத்தாயிற்று. மாடி அறையைத் திறந்து பார்த்த புது ஆட்சிக்காரர்கள் அப்படியே மலைத்துப் போனார்கள். எவ்வளவு ஒழுங்கு. தெரு வாரியாக, வீடு வாரியாக. "இதைப் போய் உருக்கறதா? மக்கள் சொத்தாச்சே" என்றார் ஒருவர். சாவி கெட்டது இல்லை, சாவி இருந்த கை கெட்டது என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். உலையில் டீ போட்டுக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

ஒரு குறைதான். முன்பு ஆண்ட கட்சிக்காரர்களுக்கு விலக்கு இருந்ததால், இப்போது யார் வீட்டுச் சாவி வேண்டுமோ அவர்கள் சாவி மட்டும் அங்கே இல்லை.

தம்பி அண்ணன் வீட்டுக்கே வந்தான். புதுச் சட்டை, மேல் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தான்.

"மச்சினன் வீட்டுப் பூட்டு நீ மாட்டினதுதானே அண்ணே? ஒரு சாவி போட்டுக் குடு."

"அவன் என்னடா பண்ணினான்?"

"கூட்டம் போட்டுக் கேள்வி கேக்கறான். சாவியை எப்ப உருக்கப் போறீங்கன்னு கேக்கறான். அவன் கேக்கலாமா?"

"யாரோ ஒருத்தர் கேக்கணும்ல?"

"அண்ணே," தம்பியின் குரல் மிருதுவாக இருந்தது. "எனக்கு எவ்வளவு சரியா போட்டே. அதே மாதிரி போடு. அது போதும், நமக்குள்ள கணக்குத் தீந்துடும்."

அடுப்படி வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கொழுந்தனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"தம்பி, உங்க சாவி ஸ்டேஷனுக்குப் போன அன்னைக்கு நான் இவருக்குச் சோறு போடல. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது அண்ணி."

"இன்னைக்கு உங்களுக்கும் போடறதா இல்ல."

தம்பி போய்விட்டான். அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "என் தம்பி ஒண்ணும் யோக்கியன் இல்லீங்க. ஆனா என் தம்பி. உங்க கை இன்னைக்கு என்ன சொல்லுதுன்னு பாக்கறேன்."

சாவிக்காரர் கடைக்குப் போய்ப் பித்தளையைப் பிடியில் இறுக்கினார். விரல்கள் தாமாகவே மச்சினன் வீட்டுச் சாவியை எழுப்பிக் கொடுத்தன. ஏட்டு எதிரிலேயே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வேர்த்துக் கொட்டக் கொட்ட, அரத்தை வைத்து ஓர் இழுப்பு அதிகமாக இழுத்தார். பல் பிடுங்கினதுபோல் அவருக்கு உடம்பெல்லாம் வலித்தது. பிறந்ததிலிருந்து அவர் போட்ட முதல் பொய்ச் சாவி. பார்ப்பதற்கு எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது.

ஆளை விட்டு மச்சினனுக்குச் சொல்லியும் அனுப்பினார். இந்தமுறை காலை வரை காத்திருக்கவில்லை. "சாவி சுத்தாது. சத்தம் கேட்டதும் பின்பக்கமா போயிடு."

போலீஸ் வந்தது. சாவி நுழைந்தது. சுற்றவில்லை. நோண்டினார்கள். மச்சினனுக்கு வேண்டிய நேரம் கிடைத்தது, தாராளமாகவே கிடைத்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய ஞாபகத்தில் தோளால் இடித்துக் கதவை உடைத்தார்கள். மச்சினன் கூடத்தில் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தான். பின்பக்கம் சாக்கடை, வெள்ளைச் சட்டையோடு எப்படிப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தானாம்.

மச்சினனைக் கைது செய்தது பெரிய விஷயமாகவில்லை. கதவு உடைந்ததுதான் பெரிய விஷயமாகிவிட்டது. கதவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு உடைந்த முதல் கதவு. சட்டப்படி யாராவது பொறுப்பேற்க வேண்டும். கதவு உடைந்ததற்குக் காரணம் சாவி சுற்றாதது. சாவி சுற்றாததற்குக் காரணம் யார் என்று ஊருக்கே தெரியும். "அவர் கை தப்பு பண்ணாது. பண்ணியிருந்தா வேணும்னேதான்" என்று கடைத்தெருவே சாட்சி சொன்னது. புகழ்ந்துதான் சொன்னார்கள். கூட்டிப் போக வந்தவர்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அவர் கையால் போட்ட சாவியாலேயே திறந்துகொண்டு வந்தார்கள். வழுக்கிக்கொண்டு சுற்றியது. தம்பி கட்சி வேலையாக வெளியூரில் இருந்தான், வரமுடியவில்லை.

இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். மேல்தளம் ஒழுகி, தரையெல்லாம் ஈரம். காய்ந்த மூலையில் மச்சினன் தன் போர்வையை விரித்து உட்கார்ந்திருந்தான். சாவிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"தேக்குக் கதவு மாமா" என்றான் மச்சினன். "இழைப்பு வேலை பண்ணினது. நிலையோட போயிடுச்சு. நீங்க ஒழுங்கா ஒரு சாவி போட்டிருந்தா கதவாவது மிஞ்சியிருக்கும்."

சாவிக்காரர் ஈரம் படாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா சொல்லித்தான் இப்படிப் பண்ணினீங்களா?"

"நானாத்தான் பண்ணினேன்."

"நல்லா பண்ணினீங்க போங்க."

வாசலில் ஏட்டு குனிந்தபடி ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மச்சினன் எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகத்தில் தெளிச்சல் வந்தது.

"மாமா, அடுத்த தடவை எப்படியும் நம்ம ஆட்சிதான்."

"இருக்கட்டும்."

"உங்க தம்பி வீட்டுல ஏதோ புதுப் பூட்டாமே?"

"ஆமா."

"யாரு மாட்டினது?"

சாவிக்காரர் சுவரைப் பார்த்தார். வேட்டி மடிப்புக்குள் அவருடைய விரல்கள் மெல்ல ராவிக்கொண்டிருந்தன. நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை.

மச்சினன் அதைப் பார்த்துவிட்டான். எழுந்து வந்து, சட்டை கசங்குவதைக்கூடப் பொருட்படுத்தாமல், அவர் தோளைப் பிடித்துக் காய்ந்த மூலையில் உட்கார வைத்து, போர்வையில் பாதியை அவர் மடியில் போட்டான்.

"ஈரத்துல ஊணாதீங்க மாமா" என்றான். "கை முக்கியம்."