கல்லறையில் ஐந்தாம் குறிப்பு

என் மனைவி ஷெர்லின் டெங்குவில் இறந்து ஓராண்டு ஆனது. ஊர் வழக்கப்படி நினைவஞ்சலி போஸ்டர் அடித்து ஒட்டினேன். அவள் படம், பிறந்த தேதி, இறந்த தேதி, மாலை ஐந்தரைக்குக் கல்லறைத் தோட்டத்தில் திருப்பலி, கீழே என் கைப்பேசி எண்.

அதே வாரம் சென்னைக் கம்பெனி ஒன்று தூத்துக்குடியில் ஒரு விளையாட்டை அவிழ்த்துவிட்டிருந்தது. முத்துக் குளிக்கப் போன பெண் காணாமல் போகிறாள். குறிப்புகள் ஊர்ச் சுவர்களிலும் போனிலும் ஒளிந்திருக்கும். தேடி அவள் விட்டுப்போன பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்று பல காலம் ஆகிறது என்பது கம்பெனிக்குத் தொந்தரவாக இல்லை. விளையாட்டின் முதல் விதி: ‘இது விளையாட்டு இல்லை’ என்று யார் சொல்கிறாரோ, அவர் விளையாட்டில் இருக்கிறார்.

என் போஸ்டரை ஐந்தாம் குறிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் அறுபத்து மூன்று பேர் அழைத்தார்கள். அத்தனை பேரிடமும் இது விளையாட்டு இல்லை என்று சொன்னேன்.

நினைவு நாளன்று நாலரைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஐந்து மணிக்கு மாமியார் விக்டோரியா பூவோடு வருவார். ஷெர்லின் கல்லறையைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். ஒருவன் சிலுவையடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அவனைப் பெனிஸ்டன் என்றார்கள்.

“கைய எடு தம்பி. இது எம் பொண்டாட்டி.”

“செமையா பண்ணுதீய அண்ணே,” என்றான். “குரல்ல சோகமே இல்ல பாருங்க. அதான் இயல்பா இருக்கு.”

“அழுதா நாம நம்பமாட்டோம்னு அவியளுக்குத் தெரியும்லா,” என்றாள் அவனோடு வந்த ஜெபசெல்வி.

நான் கப்பல் ஏஜென்சியில் ஆவணம் பார்ப்பவன். எதற்கும் ஒரு நகல் பையில் இருக்கும். இறப்புச் சான்றிதழைக் காட்டினேன். பெனிஸ்டன் அதை வெயிலில் தூக்கிப் பிடித்தான்.

“சீலு கூட அசலா இருக்குலே. நல்லா செலவழிச்சிருக்கானுவ.”

“டெங்கு. ஏழு நாள் ஆஸ்பத்திரி. பிளேட்லெட் ஒன்பதாயிரம்,” என்றேன்.

“ஏழு, ஒன்பது,” என்று ஜெபசெல்வி எழுதிக்கொண்டாள்.

மணி நாலு ஐம்பது. மாமியார் வந்து இறங்கும்போது அவர் மகளின் கல்லறையை யாரும் தோண்டிக்கொண்டிருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

குரலைத் தாழ்த்தினேன். “சரி. இவ்வளவு தூரம் வந்துட்டீய. பெட்டி இங்கன இல்ல. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைல, தெக்கு மதில் ஓரம். ஆறு மணிக்கு முன்னால போயிரணும்.”

இதற்கு யாரும் சான்று கேட்கவில்லை.

“நாஞ் சொன்னேம்லா,” என்று பெனிஸ்டன் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு என் கையைக் குலுக்கினான். ஜெபசெல்வி மட்டும் திரும்பி நின்றாள்.

“அண்ணே, போஸ்டர்ல இருக்க அக்கா கம்பெனி ஆளா?”

“ஆமா,” என்றேன். அவளும் ஓடினாள்.

பைக்குகள் கிளம்பிய புழுதியில் மாமியின் ஆட்டோ வந்து நின்றது.

“யாரு மாப்பிள, இத்தன பிள்ளைய?”

“ஷெர்லின்கூடப் படிச்சவங்க மாமி.”

மாமிக்குக் கண் கலங்கியது. “ஒரு வருசம் ஆயும் மறக்கலியே. எம்மவளப் பத்தி என்ன சொன்னாவ?”

கிளறிய மண்ணைச் செருப்பால் சமன்செய்தேன். “காலேஜ்ல ஒருநாள் எல்லாரையும் பேக்கரிக்குக் கூட்டிட்டுப் போயி மக்ரூன் வாங்கிக் குடுத்தாளாம்.”

ஷெர்லின் தன் மக்ரூனில் எனக்குக்கூடப் பாதி தந்தவளில்லை.

“அவ அப்படித்தான்,” என்றார் மாமி. பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு கல்லறை ஓரமாக உட்கார்ந்தார். “பொறவு?”